தாமிரம் பாதி ஒன்றும் பாதி இரண்டுமாக இருந்தால்தான் ஆக்சிஜனேற்றம் ஓடுமா?

மார்ச் 3, மாலை – கேள்வி

"மீத்தேனை மெத்தனாலாக்கும் நொதி, அரக்கு மரத்து லாக்கேஸ் நொதி, தாமிரம் ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம், மூன்றிலும் கலப்பு இணைதிறன் தாமிரக் கொத்துதான் வேலை செய்கிறது என்று படித்தேன். அப்படியானால் வீரியம் அந்தக் கலப்பில்தானே இருக்க வேண்டும்? பென்சைல் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க, தாமிரம்(1) டிரைஃபிளேட்டையும் தாமிரம்(2) டிரைஃபிளேட்டையும் சரிபாதி போட்டு, தாமிரத்தைப் பிடிக்கும் பைபிரிடினும் துணை வினையூக்கி டெம்போவும் சேர்த்து ஓட்டினேன். தாமிரம்(1) மட்டும் போட்டபோது வந்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. கலப்பு சரியாக உருவாகவில்லையா?"

மார்ச் 3, இரவு 9.10

கலப்பு இணைதிறன் என்பது ஒரு சக்தி அல்ல. அடைப்புக்குள் இருக்கும் எண், தாமிரம் இழந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை; ஒரே கொத்தில் அந்த எண் தாமிரத்துக்குத் தாமிரம் வேறானால் கலப்பு. எலக்ட்ரான் கணக்கு ஒரு நேரத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கான பெயர், அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வரும்.

எண்ணிப் பாருங்கள். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு தண்ணீராக முடிய நான்கு எலக்ட்ரான் வேண்டும். தாமிரம்(1) இரண்டாக மாறும்போது ஒன்றே ஒன்று தரும். இரண்டு தாமிரம் கூடினால் இரண்டு எலக்ட்ரான், அதாவது பெராக்சைடு வரைதான். மேலும் இழுத்து ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பை உடைக்க வேண்டுமானால், இரண்டுமே மூன்றாம் நிலைக்குப் போக வேண்டும். வில்லியம் டோல்மன் குழு 1996-இல் காட்டியது இதைத்தான். ஒரே அணைவு, கரைப்பானைப் பொறுத்துப் பெராக்சைடாகவும் இருக்கும், பிணைப்பு உடைந்த பிஸ்-மியூ-ஆக்சோவாகவும் (பிரிந்த இரண்டு ஆக்சிஜன்களும் தாமிரங்களுக்குப் பாலமாக நிற்பது) இருக்கும். தாமிரங்களுக்கிடையே முன்னதில் சுமார் 3.6 ஆங்ஸ்ட்ராம், பின்னதில் சுமார் 2.8.

மூன்று தாமிரம் இருந்தால்? நான்கு எலக்ட்ரானை மூன்று பேர் தர வேண்டும். இருவர் ஒவ்வொன்று தருவார்கள், ஒருவர் இரண்டு தந்தாக வேண்டும். அதே 1996-இல் டேனியல் ஸ்டாக் குழு கண்ட மூவணுக் கொத்து அப்படித்தான் முடிந்தது. மெத்தில் ஏற்றிய சைக்ளோஹெக்சேன் டைஅமீன் ஈனியோடு சேர்ந்த தாமிரம்(1) அணைவை, டைகுளோரோமீத்தேனில், −80 டிகிரியில் ஆக்சிஜனோடு விட்டார்கள். வந்தது இரண்டு, இரண்டு, மூன்று என்ற நிலைகளில் மூன்று தாமிரம், நடுவே இரண்டு ஆக்சோ. கூட்டினால் ஏழு; ஆக்சோ இரண்டுக்கும் நான்கைக் கழித்தால் மூன்று. கொத்தின் மின்சுமை மூன்றுதான்.

அங்கே கலப்பு வந்தது பங்கு சமமாகப் பிரியாததால். யாரும் முன்கூட்டிக் கலந்து போடவில்லை, மூன்றும் தாமிரம்(1)-ஆகத்தான் உள்ளே போயின.

மார்ச் 3, இரவு 9.55

உங்கள் வினைக்கு வருகிறேன். (டெம்போ என்றதும் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகிற வண்டி நினைவுக்கு வருகிறவர்களுக்கு: இது செம்மஞ்சள் படிகம், நிலைத்து நிற்கும் நைட்ராக்சில் ரேடிகல். இதுவும் சரக்குதான் சுமக்கிறது.)

ஷானன் ஸ்டால் குழு 2011-இல் வெளியிட்ட செய்முறை, 1 மில்லிமோல் ஆல்கஹாலுக்கு:

அசிட்டோநைட்ரைல் மொத்தம் 5 மி.லி. டெட்ராகிஸ்-அசிட்டோநைட்ரைல் தாமிரம்(1) டிரைஃபிளேட் 18.8 மி.கி., பைபிரிடின் 7.8 மி.கி., டெம்போ 7.8 மி.கி. இவை மூன்றும் 5 மோல் சதவீதம். மெத்தில் இமிடசோல் 8 மைக்ரோலிட்டர், 10 மோல் சதவீதம். மூடாத குடுவை, அறை வெப்பநிலை, நல்ல கலக்கல். பலூனில் ஆக்சிஜன் கட்ட வேண்டியதில்லை, காற்றே போதும். பென்சைல் ஆல்கஹால் போன்றவை ஒரு மணி நேரச் சுமாரில் முடியும். கொழுப்புச் சங்கிலி ஆல்கஹால்கள் ஒரு நாள்கூட எடுக்கும்.

தாமிரம்(2) பாதி போட்டதால் ஏன் குறைந்தது? ஆல்கஹால் தாமிரம்(2)-இல் ஆல்காக்சைடாக உட்கார, அதன் புரோட்டானை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். தாமிரம்(1) ஆக்சிஜனோடு வினைபுரியும்போது தாமிரம்(2) ஹைட்ராக்சைடு பிறக்கிறது. அதாவது காரம் வினைக்குள்ளேயே தயாராகிறது. தாமிரம்(2) டிரைஃபிளேட்டோ ஹைட்ராக்சைடு இல்லாமல் வெறுங்கையோடு வருகிறது. நீங்கள் போட்ட தாமிரத்தில் பாதிக்குக் காரம் இல்லை. ரோஜர் ஷெல்டன் குழுவின் 2003 செய்முறை தாமிரம்(2) புரோமைடில்தான் தொடங்குகிறது, ஆனால் பொட்டாசியம் பியூட்டாக்சைடைக் கூடவே சேர்த்துக்கொள்கிறது. உங்கள் கலவைக்கும் காரம் சேர்த்திருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்திருக்கும்.

மார்ச் 3, இரவு 10.05

விட்டுப்போனது: உப்பின் நிறம். தாமிரம்(1) உப்பு சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். நீலச்சாயம் தட்டியிருந்தால் பாதி வேலை பாட்டிலுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அசிட்டோநைட்ரைலில் கரைத்து, வடிகட்டி, அதே அளவு ஈதர் விட்டு −20 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் வெள்ளை படிகமாகும், நீலம் கரைசலில் தங்கும். ஈரத்தில் விடாதீர்கள். தண்ணீரில் தாமிரம்(1) தானே உலோகமாகவும் தாமிரம்(2)-ஆகவும் பிரியும், சமநிலை மாறிலி பத்தின் ஆறாம் படி. அசிட்டோநைட்ரைல் கூட இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு.

மார்ச் 4, காலை 7.30

கலப்பு இணைதிறனைக் கண்ணால் பார்க்க விலை உயர்ந்த கொத்து எதுவும் தேவையில்லை. குப்ரஸ் குளோரைடு தயாரிக்கும் பழைய பாடத்தின் நடுப்பகுதியே போதும்.

குப்ரிக் குளோரைடு டைஹைட்ரேட் 0.34 கிராம் (2 மில்லிமோல்), அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி. மஞ்சள் கலந்த பச்சை வரும். அதில் மெல்லிய தாமிரக் கம்பித் துண்டுகளைப் போட்டு, புகைபோக்கி அலமாரிக்குள் இலேசாகச் சூடாக்குங்கள். சில நிமிடங்களில் கரைசல் கருக்கும், காப்பி டிகாக்‌ஷன் மாதிரி. விடாமல் சூடாக்கினால் மறுபடி வெளுத்து நிறமற்றுப் போகும். தொடக்கத்தில் எல்லாம் இரண்டு, முடிவில் எல்லாம் ஒன்று, நடுவில்தான் இருட்டு. தாமிரம்(1) குளோரைடு அணைவுக்கு நிறமே கிடையாது, (2)-க்கு வெளிர்நிறம். இரண்டும் ஜோடி சேரும்போது எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ ஒளியை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கருமை அதுதான். சரிபாதி இருக்கும்போது உச்சம்.

ஜோடிதானா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கருத்த கரைசலைச் சோதனைக் குழாயில் எடுத்து, அதே அளவு அடர் அமிலம் விட்டு நீர்த்து, மேலிருந்து கீழாகப் பாருங்கள். சாதாரணச் சாயமாக இருந்தால் மேலிருந்து பார்க்க நிறம் மாறாது. செறிவு பாதி, ஆனால் ஆழம் இரட்டிப்பு. இங்கே நிறம் பாதியாகக் குறையும், ஏனென்றால் உட்கவர்தல் இரு செறிவுகளின் பெருக்கத்தைச் சார்ந்தது. மெக்கனலும் டேவிட்சனும் 1950-இலேயே அளந்து காட்டியது. தண்ணீர் விட்டு நீர்க்காதீர்கள், வெள்ளையாகக் குப்ரஸ் குளோரைடு விழுந்து சோதனை கெடும்.

முக்கியமானது: இவ்வளவு கருப்பான, இவ்வளவு "கலப்பான" இந்தக் கரைசலில் மீத்தேனைக் குமிழிவிட்டால் ஒன்றும் ஆகாது.

மார்ச் 4, மதியம்

பிசிபி பலகை அரிப்பவர்களுக்கு இந்தக் கருமை பழக்கம். குப்ரிக் குளோரைடுத் தொட்டி ஒளி ஊடுருவும் பச்சையாக இருக்கும்வரை அரிக்கும். பழுப்பேறினால் தாமிரம்(1) சேர்ந்துவிட்டது, அரிப்பு மெதுவாகும். காற்றைக் குமிழிவிட்டாலோ, கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தாலோ பச்சை திரும்பும். அளவு தாண்டினால் பெராக்சைடும் அமிலமும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் வேண்டாம். இங்கே கவனித்தீர்களா, கலப்பு நிலை என்பது வேலை தடைப்பட்டதற்கான அடையாளம்.

மார்ச் 5, காலை 6.50 – திருத்தம்

நேற்று "சரிபாதி இருக்கும்போது உச்சம்" என்று எழுதினேன். தப்பு. மொத்தத் தாமிரம் மாறாமல் இருந்தால்தான் அது சரி. இங்கே கம்பி கரைந்து தாமிரம் கூடிக்கொண்டே போகிறது. x மில்லிமோல் கம்பி கரைந்தால் தாமிரம்(2) மீதம் 2−x, தாமிரம்(1) 2x. பெருக்கம் 2x(2−x), இது உச்சமாவது x = 1 ஆகும்போது. அதாவது 63.5 மி.கி. கம்பி கரைந்திருக்கும்போது, தாமிரம்(1) இரண்டு பங்கு, (2) ஒரு பங்கு. சரிபாதி வருவது 42 மி.கி.யிலேயே. இரண்டு இடத்துக்கும் கருமை வித்தியாசம் பத்து சதவீதச் சுமார், கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காகத் தப்பை விட்டுவைக்க முடியாது.

மார்ச் 5, இரவு 8.20

ஈ.பி.ஆர். (ஜோடி சேராத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் நுண்ணலை விட்டுப் பார்க்கும் முறை) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எலக்ட்ரான் ஒரு தாமிரத்தில் குடியிருக்கிறதா, இரண்டுக்கும் பொதுவா என்று சொல்ல அதைவிட நேரான கருவி இல்லை.

தாமிரத்தின் இரு ஐசோடோப்புகளுக்கும் (63, 65) அணுக்கருச் சுழற்சி மூன்றின் கீழ் இரண்டு. எலக்ட்ரான் ஒரே தாமிரத்தில் இருந்தால் நான்கு கோடு. இரண்டில் சமமாகப் பரவியிருந்தால் ஏழு கோடு, உயரம் 1:2:3:4:3:2:1. மூன்றில் சமமாக என்றால் பத்து. கோடுகளின் இடைவெளியும் சுருங்கும். சாதாரணத் தாமிரம்(2)-இல் 150 முதல் 180 காஸ் வரை இருப்பது, பரவிய ஜோடியில் 30, 40-க்கு வந்துவிடும். ராபினும் டேயும் 1967-இல் கலப்பு இணைதிறனைப் பிரித்த மூன்று வகுப்புகளில், ஏழு கோடு, எலக்ட்ரான் முழுக்கப் பொதுவான மூன்றாம் வகுப்பின் கையொப்பம்.

நடைமுறை: 4 மி.மீ. குவார்ட்ஸ் குழாய், 1 மில்லிமோலார் கரைசல் 200 முதல் 300 மைக்ரோலிட்டர், திரவ நைட்ரஜன் வெப்பநிலை, 1 அல்லது 2 மில்லிவாட். தண்ணீர்க் கரைசலானால் கிளிசரால் 20 சதவீதம் சேருங்கள். இல்லாவிட்டால் பனிக்கட்டி படிகமாகி, தாமிரம் ஓரங்களில் ஒதுங்கிக் கும்பலாகிக் கோடுகள் பரந்துவிடும். அதே நாளில் தெரிந்த செறிவுள்ள தாமிர-இடிடிஏ ஓட்டி, இருமுறை தொகையிட்டு எத்தனை சதவீதம் தாமிரம் தெரிகிறது என்று கணக்கிடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கொத்தில் உள்ள இரண்டு தாமிரம்(2) எதிரெதிராக இணைந்துகொண்டால் ஈ.பி.ஆரில் ஒன்றுமே தெரியாது. அப்போது 3 சதவீத அசுத்தத் தாமிரம் நான்கு கோடு போட்டு "நான்தான் உங்கள் கொத்து" என்று வந்து நிற்கும்.

மார்ச் 5, இரவு 8.45

ஏழு கோடு என்றதும் இது சொல்லாமல் முடியாது. உயிரியலில் மிகப் புகழ்பெற்ற கலப்பு இணைதிறன் தாமிரம், சைட்டோக்ரோம் ஆக்சிடேஸில் இருக்கும் "தாமிரம்-ஏ" மையம். நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸிலும் அதுவே உண்டு. அங்கே இருப்பது இரண்டு தாமிரம், ஒவ்வொன்றும் ஒன்றரை நிலை என்று குரோனெக் குழு 1988-இல் ஈ.பி.ஆரை வைத்தே வாதிட்டது. 1995-இல் ஆக்சிடேஸின் படிக அமைப்பு வந்தபோது இரண்டும் சிஸ்டீன் கந்தகங்களால் பாலம் போட்டு, சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராமில் ஒட்டி நின்றன. ஊதா நிறம்.

அந்த மையம் ஆக்சிஜனைத் தொடுவதே இல்லை. சைட்டோக்ரோம்-சி கொடுக்கும் எலக்ட்ரானை வாங்கி ஹீமுக்குக் கடத்துவது மட்டும்தான் அதன் வேலை. ஆக்சிஜன் உட்காருவது வேறிடத்தில், ஹீம் இரும்புக்கும் தாமிரம்-பி-க்கும் நடுவே. எலக்ட்ரான் வந்தாலும் போனாலும் இரண்டு தாமிரமும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதால் பிணைப்பு நீளங்கள் அதிகம் அசைவதில்லை. அதனால் கடத்தல் வேகம். கலப்பு இணைதிறன் உண்மையிலேயே சாதிக்கும் வேலை இது. ஆக்சிஜனேற்றம் வேறு வேலை.

மார்ச் 6, காலை

எதிர்ச்சான்று சமையலறையில் கிடக்கிறது. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது, வாழைப்பூவை உடனே மோரில் போடுகிறோம். கறுக்க வைப்பது பாலிபீனால் ஆக்சிடேஸ், இரட்டைத் தாமிர நொதி. அதன் சுழற்சியில் தாமிரங்கள் இரண்டும் (1), அல்லது பெராக்சைடைப் பிடித்தபடி இரண்டும் (2), அல்லது பெராக்சைடு இல்லாமல் இரண்டும் (2). எப்போதும் ஜோடியாக ஒரே நிலை. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் கேட்டகால் ஆக்சிடேஸ் அமைப்பை 1998-இல் கிரெப்ஸ் குழு வெளியிட்டது. இரண்டும் (2) ஆக இருக்கையில் இடைவெளி 2.9 ஆங்ஸ்ட்ராம், (1) ஆகும்போது 4.4 வரை விலகுகிறது.

இதே வகை மையத்தில் ஒன்று (1), மற்றது (2) என்று செயற்கையாக நிறுத்த முடியும். அதற்கு அரை-மெட் என்று பெயர். இறால், நண்டு ரத்தத்து ஹீமோசயனினில் நைட்ரைட்டும் அஸ்கார்பேட்டும் வைத்துச் செய்வார்கள். அந்தக் கலப்பு வடிவம் ஆக்சிஜனைப் பிடிக்காது. கேள்வியில் இருந்த வாதத்துக்கு நேர் எதிர்: இங்கே கலப்பு என்றால் செத்த நிலை.

(மோர் ஏன்? அமிலத்தில் நொதி தளரும், காற்றும் நேரடியாகப் படாது. எலுமிச்சையில் அஸ்கார்பிக் அமிலமும் உண்டு, உருவான குவினோனைத் திருப்பி ஒடுக்கிவிடும்.)

மார்ச் 6, இரவு 9.30

லாக்கேஸ். யோஷிடா 1883-இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் கண்டது. நான்கு தாமிரம். முதல் வகை தனியாக, நீலம், 600 நா.மீ. பக்கம் உட்கவர்தல். மற்ற மூன்றும் 13 ஆங்ஸ்ட்ராம் தள்ளி ஒரு முக்கோணக் கொத்து. மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: நான்கு எலக்ட்ரான், நான்கு தாமிரம். ஆளுக்கு ஒன்று. யாரும் மூன்றாம் நிலைக்குப் போக வேண்டியதில்லை. ஸ்டாக்கின் கொத்துக்கு இல்லாத நான்காவது ஆள் லாக்கேஸுக்கு இருக்கிறான், அந்த ஒரு வித்தியாசம் போதும். இடையில் சில (1), சில (2) என்ற நிலைகள் வரும், போகும். எட்வர்ட் சாலமன் குழு பிடித்த பெராக்சைடு இடைநிலை அப்படிப்பட்டது. ஆனால் அது படிக்கட்டு, வீடு அல்ல.

செயல்பாடு அளக்க ஏபிடிஎஸ் (ஆக்சிஜனேற்றமானால் நிறம் தரும் சேர்மம்) 1 மில்லிமோலார், அசிட்டேட் பஃபர், பி.எச். 4.5 முதல் 5 வரை, 420 நா.மீ., மோலார் கெழு 36,000. மூன்று இடத்தில் சறுக்கும். பஃபரைச் சோடியம் குளோரைடு கலந்து செய்யாதீர்கள், ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். இறக்காதீர்கள், பல லாக்கேஸ்களைக் குளோரைடு மட்டுப்படுத்தும். பாக்டீரியா வளராதிருக்க அசைடு போட்ட நொதிக் கரைசலை அப்படியே ஊற்றினால் பூஜ்யம்தான் வரும், அசைடு முக்கோணக் கொத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, நொதியை அதிகமாக விட்டால் முதல் அரை நிமிடத்திலேயே கோடு வளைந்துவிடும், நிமிடத்துக்கு 0.1 முதல் 0.2 வரை ஏறும்படி நீர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 7, காலை

மீத்தேன் நொதி. கேள்வியில் "கொத்துதான் வேலை செய்கிறது" என்று முடிந்த விஷயம்போல் இருந்தது. முடியவில்லை, பல முறை புரண்டிருக்கிறது.

சவ்வில் பதிந்த மீத்தேன் மோனோஆக்சிஜனேஸில் மூவணுக் கொத்து இருக்கிறது என்று சன்னி சான் நெடுங்காலம் வாதிட்டார். 2005-இல் லீபர்மன்–ரோசன்ஸ்வெய்க் படிக அமைப்பு 2.8 ஆங்ஸ்ட்ராமில் வந்தது. அதில் ஒற்றைத் தாமிரம் ஒன்று, இரட்டைத் தாமிரம் ஒன்று, கூடவே படிகமாக்கும் கரைசலிலிருந்து ஏறிக்கொண்ட துத்தநாகம். 2010-இல் இரட்டைத் தாமிரமே செயல்மையம் என்றார்கள். 2019-இல் அதே ரோசன்ஸ்வெய்க் குழு ஈ.பி.ஆரை வைத்து, இருப்பவை ஒற்றைத் தாமிர இடங்களே என்று மாற்றிச் சொன்னது. 2022-இல் சோப்பை நீக்கி, கொழுப்பு நானோவட்டில் வைத்து கிரையோ மின்நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதுவரை தெரியாத ஒரு தாமிர இடம் தெளிந்தது. சோப்பு போட்டுச் சவ்விலிருந்து பிரித்தால் செயல்பாடு விழும். கொழுப்பைத் திருப்பிக் கொடுத்தால் எழும். செயலிழந்த புரதத்தில் எடுத்த படத்தை வைத்துச் செயல்மையம் பேசியதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

சானின் மாதிரி அணைவு வேறு கதை. 2013-இல் வந்த அந்த முத்தாமிர அணைவு அறை வெப்பநிலையிலேயே மீத்தேனை மெத்தனாலாக்குகிறது. நொதியில் அது இல்லாமல் போனாலும் வேதியியல் பொய்யாகாது. எண்ணுங்கள்: மூன்று (1) சேர்ந்து நான்கு எலக்ட்ரான் கொடுத்து 2, 2, 3 ஆகிறது. ஒரு ஆக்சிஜன் அணுவை மீத்தேனுக்குக் கொடுக்கும்போது இரண்டு எலக்ட்ரான் கொத்துக்குத் திரும்புகிறது. மிஞ்சுவது 2, 2, 1 மற்றும் ஒரு ஆக்சோ. இதுவும் கலப்பு இணைதிறன்தான், ஆனால் வேலை முடிந்த பிறகு. அந்த ஆக்சோவைத் தண்ணீராக வெளியேற்ற வெளியிலிருந்து இன்னும் இரண்டு எலக்ட்ரான் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடை அங்கே ஒடுக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். அது இல்லையென்றால் ஒரு சுற்றோடு நின்றுவிடும்.

வேலைக்கு முன் ஒரு கலப்பு, வேலைக்குப் பின் ஒரு கலப்பு. "கலப்பு இணைதிறன் கொத்து கண்டோம்" என்று யாராவது சொன்னால், எந்தக் கலப்பு என்று கேளுங்கள்.

மார்ச் 7, இரவு

ஜியோலைட்டில் செய்முறை சுருக்கமாக: மார்டெனைட் என்ற ஜியோலைட்டைக் காப்பர் அசிட்டேட் 0.01 மோலார் கரைசலில் அயனி மாற்றி, பி.எச். 5.5 முதல் 6 வரை காத்து, நன்றாகக் கழுவி உலர்த்துவது. ஆக்சிஜனில் 450 டிகிரி, ஒரு மணி நேரம். 200-க்கு இறக்கி ஹீலியத்தால் சுத்தமாக ஊதி, அதன் பிறகே மீத்தேன். பிறகு 135-இல் நீராவி விட்டு மெத்தனாலை இறக்குவது.

பி.எச். ஆறைத் தாண்டினால் தாமிர ஹைட்ராக்சைடு வெளிப்பரப்பில் படியும். 450-இல் அது காப்பர் ஆக்சைடாகி மீத்தேனைக் கார்பன் டைஆக்சைடாக எரிக்கும். மெத்தனால் குறைந்து கார்பன் டைஆக்சைடு கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. ஊதல் போதாமல் ஆக்சிஜன் தங்கினாலும் அதே விளைவு. மீத்தேனுக்கு முன் துளி ஈரம் ஏறினால் செயல்மையங்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்காரும், மெத்தனாலும் வராது, கார்பன் டைஆக்சைடும் வராது.

மார்டெனைட்டில் லெர்ச்சர் குழு 2015-இல் முன்வைத்த கொத்து: மூன்று தாமிரம், மூன்று ஆக்சோ, மின்சுமை இரண்டு. ஆக்சோ மூன்றுக்கு ஆறு, கூட்டினால் தாமிரங்களின் மொத்தம் எட்டு. 2, 3, 3 என்று பிரிக்கலாம். மூன்றுமே (2), மீதி இரண்டு குறை ஆக்சிஜன்கள் மேல் என்றும் எழுதலாம். இரண்டாவது எழுத்துமுறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஹைட்ரஜனைப் பறிப்பது அந்த எலக்ட்ரான் குறைந்த ஆக்சிஜன்தானே. இப்படி எழுதினால் "கலப்பு இணைதிறன்" காகிதத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. வினை மட்டும் மாறாமல் நடக்கிறது.

அளக்கக்கூடியது வேறொன்று: மூன்று தாமிரத்துக்கு ஒரு மீத்தேன், அதாவது தாமிரத்துக்கு 0.33. தாமிர அளவை மாற்றி மாற்றி ஓட்டி, கோடு போட்டுச் சாய்வைப் பாருங்கள். மூவணுக் கொத்துக்கு முக்கிய ஆதாரம் அந்தச் சாய்வு. ஒரே மாதிரியில் ஒரு எண் எடுத்து 0.33 வந்தது என்று மகிழாதீர்கள்.

மார்ச் 8, காலை 7.00

(1), (2) விகிதத்தை மலிவாக அளக்க நியோகுப்ரோயின். தாமிரம்(1)-ஐ இரண்டுக்கு ஒன்றாகப் பிடித்து ஆரஞ்சு நிறம் தரும், 455 நா.மீ., கெழு 7,900 சுமார். ஆர்கானில் மாதிரியை ஊசியால் எடுத்து, காற்று நீக்கிய நியோகுப்ரோயின் கரைசலில் விட்டு உடனே அளவு. பிறகு அதே குவெட்டில் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து மறுபடி அளவு, இது மொத்தத் தாமிரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பங்கு.

பழகிப் பார்க்க ஒரு மாதிரி வேண்டுமென்றால் செவ்ரெல் உப்பு செய்யலாம்: காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம் 25 கிராம் 100 மி.லி. தண்ணீரில், சோடியம் மெட்டாபைசல்பைட் 14 கிராம், முதலில் பச்சை, 70 முதல் 80 டிகிரியில் சூடாக்கினால் செங்கல் நிறத்தில் பொடிப் படிகம். இரண்டு பங்கு (1), ஒரு பங்கு (2), கச்சிதமான கலப்பு. கொள்கையளவில் 12.9 கிராம். கந்தக டைஆக்சைடு மூக்கைப் பிளக்கும், அலமாரிக்குள் செய்யுங்கள்.

மார்ச் 8, காலை 7.40

மேலே உள்ளதன் இரண்டாம் பத்தியை அளவுகோலாக எடுக்காதீர்கள், அவசரத்தில் எழுதிவிட்டேன். உப்பு சரி, நிறம் சரி, ஆனால் நியோகுப்ரோயினுக்கு அது பொறி. உப்பில் சல்பைட் இருக்கிறது, சல்பைட் ஒடுக்கி. நியோகுப்ரோயின் (1)-ஐ இறுகப் பிடிப்பதால் (2)-இன் ஒடுக்க மின்னழுத்தம் ஏறி, சாதாரணமாக அதைத் தொடாத ஒடுக்கிகூட அதை இழுத்துவிடும். 2:1 வர வேண்டிய இடத்தில் எல்லாமே (1) என்று காட்டும். தயோல், அயோடைடு, பீனால் இருந்தாலும் இதே கதை. முன்கூட்டியே இடிடிஏ போட்டு (2)-ஐ மறைத்து வையுங்கள். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று அளந்து, எண் ஏறிக்கொண்டே போனால் அது உங்கள் மாதிரியின் பதில் அல்ல, நியோகுப்ரோயின் செய்த வேலை.

எக்ஸ்-கதிர் உட்கவர்தலும் இதே மாதிரி ஏமாற்றும். (1) 8983–8984 எலக்ட்ரான்வோல்ட்டில் மேடு காட்டும், (2)-இன் சிறு முனை 8977–8979. ஆனால் கதிரே (2)-ஐ (1) ஆக்கும். ஒரே புள்ளியில் முதல் ஸ்கேனையும் நான்காவதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 8984 வளர்ந்திருந்தால், நீங்கள் அளந்த கலப்பு நீங்களே உண்டாக்கியது.

மார்ச் 9, மாலை 6.15

கேட்டவர் தாமிரம்(1) மட்டும் வைத்து மறுபடி ஓட்டியிருக்கிறார். 50 நிமிடம் செம்பழுப்பு, பிறகு சட்டென்று நீலப்பச்சை, "இந்தப் பச்சைதான் கலப்பா?" என்கிறார்.

இல்லை. பச்சை என்றால் ஆல்கஹால் தீர்ந்துவிட்டது, தாமிரம் முழுக்க (2)-இல் நிற்கிறது. ஓடும்போது பழுப்பாக இருப்பதற்குக் காரணம், பென்சைல் ஆல்கஹாலில் மெதுவான படி தாமிரம்(1) ஆக்சிஜனோடு சேர்வது. அதனால் தாமிரம் பெரும்பாலும் (1)-ஆகக் காத்திருக்கிறது. அந்தப் படியிலும் இரண்டு தாமிரம் கூடித்தான் ஆக்சிஜனைப் பிடிக்கின்றன, கொத்து என்று சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம். கொழுப்புச் சங்கிலி ஆல்கஹாலில் (1), (2) இரண்டும் கலந்தே இருக்கும், நிறத்தை நம்ப முடியாது. அங்கே மெல்லடுக்குத் தட்டு (டி.எல்.சி.) போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உறுதிசெய்ய, பச்சையான குடுவையில் இன்னும் 0.2 மில்லிமோல் ஆல்கஹாலை விடுங்கள். மறுபடி பழுப்பாகி, கொஞ்ச நேரத்தில் பச்சைக்குத் திரும்பினால் வினையூக்கி உயிரோடு இருக்கிறது. பழுப்பாகாமல் பச்சையாகவே நின்றால் 2 மி.கி. டெம்போ மட்டும் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மெத்தில் இமிடசோல் பாட்டிலின் தேதியைப் பாருங்கள்.

50 மி.லி.க்கு மேல் பெருக்கப்போகிறீர்களானால் நிறுத்தி எழுதுங்கள். அசிட்டோநைட்ரைல் ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்த மேல்வெளி விளையாட்டல்ல. பெரிய அளவில் 9 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனில்தான் ஓட்டுகிறார்கள்.